பாட்டுப் பாடினால் படிப்பு வருமா?



ஒவ்வொரு வருடமும் மே, ஜூன் மாதம் வந்துவிட்டால் நம் குழுக்களில் உள்கடன் கேட்பவர்கள் கூடிவிடுவார்கள். தீர்மான நோட்டைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். கடனுக்கான காரணம் என்ற இடத்தில் ‘பள்ளிக் கட்டணம்’ என்று வரிசையாக எழுதியிருக்கும். அதில் சில பேர், அதுவரை ஊர் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை வேன் வருகிற பள்ளிக்கு மாற்றுவதற்காகக் கடன் கேட்பவர்கள். ஏங்க மாத்தறீங்க என்று கேட்டால், பல காரணங்களோடு இதையும் சொல்வார்கள்: “அங்க என்னங்க, எந்நேரமும் பாட்டும் ஆட்டமுந்தான். டீச்சரம்மா கையில பொம்மைய மாட்டிக்கிட்டுப் பேசறாங்க. நோட்டுல ஒண்ணும் எழுதிப் போடக் காணோம். இதுல எங்கீங்க படிப்பு வரும்?”

இதே மாதிரி இன்னொரு பேச்சும் உண்டு. மகளை ஆசிரியர் பயிற்சியில் சேர்த்துவிட்ட அம்மாக்கள் கேட்பது: “புள்ள சார்ட்டு வெட்டறா, முகமூடி செய்யறா, பாட்டுப் பழகறா. வாத்தியார் வேலைக்கு இதெல்லாம் எதுக்குங்க?”

இரண்டும் ஒரே கேள்விதான். பாட்டும் படமும் பொம்மையும் பாடமா, பொழுதுபோக்கா? இதற்குப் பதில் தெரியாமல் பிள்ளையைப் பள்ளி மாற்றவும் கூடாது. இதன் அருமை தெரியாமல் நம் பெண்கள் ஆசிரியராகவும் கூடாது. ஆகவே இந்த இதழில் இதைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

பாட்டு எப்படிப் பாடமாகிறது?

முதலில் நம் அனுபவத்தையே எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்கு எத்தனை தாலாட்டு, எத்தனை நடவுப் பாட்டு, எத்தனை கும்மிப் பாட்டு தெரியும்! எழுதி வைத்தா மனப்பாடம் செய்தார்கள்? பாட்டில் ஒரு அடி அடுத்த அடியைக் கையைப் பிடித்து இழுத்து வரும். ராகமும் தாளமும் சேர்ந்தால் சொற்கள் மனதில் தங்கிவிடும். சும்மா சொன்னால் மறந்துபோவது, பாடினால் மறப்பதில்லை.

கிணற்றில் ஏற்றம் இறைத்த காலத்தில் எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கை ஏற்றப் பாட்டுதான் வைத்திருந்தது. பாட்டோடு சேர்ந்தே எண்ணிக்கையும் ஏறிக்கொண்டு போகும். அலுப்பும் தெரியாது, கணக்கும் தவறாது.

இப்போது ஒன்றாம் வகுப்புக்கு வருவோம். தமிழில் 247 எழுத்துக்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. இதில் குழந்தைகள் ரொம்பவும் தடுமாறுவது குறில், நெடில் வித்தியாசத்தில்தான். ‘கல்’ என்று எழுதச் சொன்னால் ‘கால்’ என்று எழுதும். ‘வீடு’ என்று எழுதச் சொன்னால் ‘விடு’ என்று எழுதும். கண்ணுக்குச் சின்ன வித்தியாசந்தான், ஒரு கால் போடுவதும் ஒரு சுழி போடுவதும். ஆனால் காதுக்கு அது பெரிய வித்தியாசம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று நம் இலக்கணமே அளவு சொல்லியிருக்கிறது. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம்.

பயிற்சி பெற்ற ஆசிரியை என்ன செய்வார்? குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குத் தட்டிவிட்டுக் கையை ஒட்டியபடி ஒரு நொடி நிறுத்தல். விடு, வீடு. எடு, ஏடு. கொடு, கோடு. இதைத் தாளத்தோடு பத்து நாள் பாடவைத்தால், குழந்தையின் காது முதலில் வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதிக் காட்டினால் கை தானாக வரும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஆட்டம். உள்ளே நடப்பது எழுத்துப்பிழை வராமல் இருப்பதற்கான வேலை.

நம் கொங்குப் பகுதியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பல வீடுகளில் தெலுங்கு பேசுகிறோம், கன்னடம் பேசுகிறோம். திருப்பூர், கோவைப் பக்கம் பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் வேலைக்கு வந்த வடமாநிலத்தவர்களின் பிள்ளைகளும் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசாத குழந்தை, தனியாக எழுந்து பதில் சொல்லப் பயப்படும். ஆனால் இருபது பேர் சேர்ந்து பாடும்போது தானும் வாயைத் திறக்கும். தப்பாகச் சொன்னாலும் யாருக்கும் கேட்காது, யாரும் சிரிக்க மாட்டார்கள். கூட்டத்தில் பாடிப் பாடிச் சொல் பழகிவிடும். நம் குழுவில் புதிதாகச் சேர்ந்த உறுப்பினர், முதலில் எல்லோரோடும் சேர்ந்து உறுதிமொழி சொல்லி, அப்புறம்தான் தனியாகப் பேச ஆரம்பிக்கிறார் அல்லவா? அதேதான்.

கோலத்தில் இருக்கிறது கணக்கு

பாட்டு மட்டுமல்ல, வாசலில் நாம் போடும் கோலமும் கணக்குப் பாடந்தான். நீங்களே செய்து பாருங்கள்.

7 புள்ளி, 7 வரிசை, நேர்ப் புள்ளி வையுங்கள். மொத்தம் எத்தனை? 7 x 7 = 49.

இப்போது பக்கத்திலேயே நடுவில் 7 புள்ளி வைத்து, மேலும் கீழும் இடுக்குப் புள்ளியாக 6, 5, 4, 3, 2, 1 என்று முடியுங்கள். எண்ணிப் பாருங்கள். அதுவும் 49! எப்படி? இடுக்குப் புள்ளிக் கோலத்தைச் சாய்ந்து நின்று பாருங்கள். சாய்வாக 7 வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் 7 புள்ளி தெரியும். அதே சதுரந்தான், முனையில் நிற்கிறது.

இதே கோலத்தை 7-இல் ஆரம்பித்து 4-இல் நிறுத்தினால் எத்தனை புள்ளி? நடுவில் 7, மேலே 6, 5, 4 சேர்த்து 15, கீழேயும் 15. ஆக 37. குழந்தை கூட்டலும் பழகும், பெருக்கலும் பழகும், சமச்சீர் என்றால் என்ன என்றும் கண்ணால் பார்க்கும். வீட்டில் தினமும் பார்க்கும் கோலத்தைக் கணக்கு டீச்சர் வகுப்பில் போட்டால், ‘எங்கம்மாவுக்கும் கணக்குத் தெரியும்’ என்ற எண்ணம் பிள்ளைக்கு வரும். அது சாதாரண விஷயம் இல்லை.

கும்மிக்கும் வாருங்கள். 12 பிள்ளைகள் வட்டமாக நிற்கிறார்கள். இரண்டு இரண்டு பேராகப் பிரிந்தால் 6 ஜோடி. மூன்று பேராகப் பிரிந்தால் 4 குழு. நான்கு பேராகப் பிரிந்தால் 3 குழு. ஐந்து பேராகப் பிரியச் சொன்னால் இரண்டு பேர் தனியாக நிற்பார்கள். அந்த இரண்டு பேர்தான் மீதி. வகுத்தல் கணக்கில் ‘மீதி’ என்ற சொல்லைப் பத்து முறை விளக்குவதைவிட, ஒரு தடவை அப்படி நிற்கவைத்தால் போதும்.

பெரிய வகுப்புக்கும் இது உதவும். ஒரு குழு மூன்று எண்ணிக்கைக்கு ஒரு தட்டு, இன்னொரு குழு நான்கு எண்ணிக்கைக்கு ஒரு தட்டு தட்டட்டும். இரண்டு குழுவின் தட்டும் எப்போது ஒன்றாக விழும்? 12-ஆவது எண்ணிக்கையில். இதைத்தான் புத்தகத்தில் மீச்சிறு பொது மடங்கு என்று போட்டிருக்கிறார்கள்.

பொம்மை பேசும்போது குழந்தையும் பேசும்

கையில் மாட்டும் பொம்மை, விரலில் மாட்டும் காகிதப் பொம்மை, முகமூடி, சின்ன நாடகம் இவையெல்லாம் எதற்கு? கூச்சப்படுகிற குழந்தை தன் பெயரைக்கூடச் சொல்லாது. ஆனால் கையில் ஒரு கிளிப் பொம்மையைக் கொடுத்தால், கிளி பேசுவதாக நினைத்துப் பேசிவிடும். பேசுவது கிளி, தப்பு வந்தாலும் கிளிக்குத்தான்.

நாடகத்தின் பலன் நமக்கே தெரியும். குடிநீர், சுகாதாரம், குழந்தைத் திருமணம் பற்றி நம் ஊருக்கு வந்து தெருநாடகம் போட்ட கலைக்குழுக்களை நினைத்துப் பாருங்கள். நோட்டீஸில் படித்தது மறந்திருக்கும், நாடகத்தில் மாமியார் வேஷம் கட்டியவர் பேசிய வசனம் மறந்திருக்காது. வகுப்பில் காய்கறிச் சந்தை நடத்தினால், வாங்குபவரும் விற்பவருமாகப் பிள்ளைகள் நடித்தால், கூட்டல் கழித்தலும் வரும், மரியாதையாகப் பேசவும் வரும். மத்திய அரசின் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் 1979-இல் ஆரம்பிக்கப்பட்டது. பொம்மலாட்டத்தைப் பாடத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்று நாடு முழுவதிலும் இருந்து வரும் ஆசிரியர்களுக்கு அங்கே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

இது நேற்று வந்த யோசனையா?

இல்லை. 1937-இல் காந்தியடிகள் வார்தாவில் கல்வி மாநாடு கூட்டினார். அதைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் தலைமையிலான குழு ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுத்தது. கைத்தொழிலை நடுவில் வைத்த அந்தத் திட்டத்தில் தாய்மொழி, கணக்கு, அறிவியலோடு இசையும் ஓவியமும் இடம்பெற்றிருந்தன. குழந்தை தக்ளியில் நூல் நூற்கும், எவ்வளவு நூற்றோம் என்று கணக்கும் போடும். பருத்தி விளையும் நம் ஊருக்கு இது ரொம்பவும் பொருந்தியது.

நம் கோவையிலேயே தி.சு. அவிநாசிலிங்கம் 1930-இல் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு 1934-இல் அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள். அவிநாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்து ஆதாரக் கல்விக்கு ஊக்கம் கொடுத்தார். வித்யாலயத்தில் ஆசிரியர் பயிற்சியும் வளர்ந்தது. ஆசிரியரை முதலில் கையும் வாயும் அசைய வைக்காமல் குழந்தையை அசைய வைக்க முடியாது என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது.

குஜராத்தில் பாவ்நகரில் 1920-இல் கிஜுபாய் பதேக்கா என்பவர் குழந்தைகள் பள்ளி தொடங்கினார். அவர் எழுதிய கதைப் புத்தகம் தமிழில் ‘பகல் கனவு’ என்று வந்திருக்கிறது. ஒரு வாத்தியார் நான்காம் வகுப்பில் பாடத்தைக் கதையிலும் விளையாட்டிலும் நாடகத்திலும் ஆரம்பிக்கிறார். மற்ற ஆசிரியர்களும் பெற்றோரும் ‘இது என்ன படிப்பு’ என்று குறை சொல்கிறார்கள். நாம் இன்றைக்குக் கேட்கும் அதே கேள்வி!

அப்புறம் 1990-களின் அறிவொளி இயக்கம். நம்மில் மூத்த உறுப்பினர்கள் சிலர் அதில்தான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்கள். இரவு எட்டு மணிக்கு மேல், வேலைக்குப் போய்வந்த அலுப்போடு வரும் பெண்களை வெறும் அ, ஆ சொல்லி உட்காரவைக்க முடியுமா? கலைப்பயணம், பாட்டு, தெருநாடகம் இவற்றால்தான் அந்த இயக்கம் ஊர் ஊராகப் போனது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கியபோது பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். அதையும் பாட்டாகப் பாடினார்கள்.

அதற்குப் பிறகு 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் ஆரம்பித்தது. 2007-08-இல் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. குழந்தைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை எடுத்துத் தாங்களே படித்தார்கள். சுவரில் தாழ்வாகக் கரும்பலகை வைத்து ஒவ்வொரு குழந்தைக்கும் எழுதவும் வரையவும் இடம் கொடுத்தார்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்து, பிள்ளைகள் எழுத்தை மறந்துபோனபோது 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. அதைப் பற்றி ஊருக்குச் சொல்ல அனுப்பப்பட்டவர்களும் கலைக்குழுவினர்தான். தன்னார்வலராகப் பாடம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2022-23-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கியது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புக்கும் சென்றது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டும் கதையும் பொம்மையும் சேர்த்துக் கற்பிப்பதுதான் அதன் முறை. ஆக, டீச்சரம்மா கையில் இருந்த பொம்மை அவர் இஷ்டத்துக்கு எடுத்துவந்தது இல்லை. பயிற்சியில் கொடுக்கப்பட்ட முறை அது.

ஆசிரியர் ஆகப்போகும் நம் பெண்களுக்கு

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். பாட்டு வாத்தியார், டிராயிங் வாத்தியார் என்று தனியாக இருப்பார்களே, எல்லோரும் எதற்குப் பழக வேண்டும்?

2009-இல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டிலும் 2012-இல் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி போன்ற பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். ஆனால் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நம் ஊர்த் தொடக்கப் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். பல இடங்களில் இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்பு. தமிழும் அவரே, கணக்கும் அவரே, பாட்டும் அவரே. குழந்தைக்குப் பாட்டு ரொம்பவும் தேவைப்படும் வயதில், அதற்கென்று தனி ஆள் கிடையாது. அதனால்தான் வகுப்பு ஆசிரியரே பழகியிருக்க வேண்டும்.

இதற்காகவே தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் கலைக்கல்வி இருக்கிறது. பி.எட். படிப்பு 2015-16 முதல் இரண்டு ஆண்டாக மாறியபோது, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிப்படி ‘கல்வியில் நாடகமும் கலையும்’ என்ற பயிற்சியும் அதில் சேர்ந்தது. நம் பகுதியில் உடுமலை பக்கம் திருமூர்த்தி நகரிலும், பெருந்துறையிலும் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் ஆசிரியர் பயிற்சிக்காகவே உள்ளவை.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வேலைக்குப் போக டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வேண்டும். தமிழ்நாட்டில் 2012-இல் முதன்முதலாக நடந்தது. முதல் தாளில் 150 கேள்வி. குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று தலைக்கு 30 கேள்வி. எல்லாமே சரியான விடையைக் குறிக்கும் கேள்விகள். ஒரு பாட்டுப் பாடிக் காட்டுங்கள், ஒரு கதை சொல்லிக் காட்டுங்கள் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் பயிற்சி மாணவிகள் பலர், ‘மார்க்குக்கு உதவாததை எதற்குப் பழகணும்’ என்று கலைக்கல்வி ரெக்கார்டு நோட்டை யாரிடமாவது வாங்கிப் பார்த்து எழுதி முடித்துவிடுகிறார்கள். தேர்வில் ஜெயித்துவிடலாம். ஆனால் முதல் நாள், முப்பது குழந்தைகள் முன்னால் நிற்கும்போது அந்த மார்க் கைகொடுக்காது. பழகிய பாட்டுதான் கைகொடுக்கும்.

எனவே பயிற்சியில் இருக்கும் உங்கள் மகளிடம், மருமகளிடம் இவற்றைச் சொல்லுங்கள்:

1. நல்ல குரல் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். குழந்தைகளுக்குக் கச்சேரி தேவையில்லை. தாளம் தப்பாமல், சொல் தெளிவாகச் சொன்னால் போதும்.

2. ஊர்ப் பாட்டுக்களைப் பெரியவர்களிடம் கேட்டுச் சேகரித்து ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். ஹங்கேரி நாட்டு இசை அறிஞர் சோல்தான் கோடாய், குழந்தையின் முதல் இசைப்பாடம் அதன் சொந்த ஊர்ப் பாட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். அவர்கள் ஊருக்குச் சொன்னது நமக்கும் பொருந்தும்.

3. ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் ‘இதனால் எந்தப் பாடம்’ என்று ஒரு வரி எழுதட்டும். எழுத முடியாவிட்டால் அந்தப் பாட்டு விளையாட்டு நேரத்துக்கு இருக்கட்டும்.

4. காசு செலவில்லாத பொருளில் செய்யப் பழகட்டும். பழைய சாக்ஸில் பொம்மை, தென்னங்குச்சி, புளியங்கொட்டை, தையல்கடைத் துண்டுத் துணி, காலண்டர் அட்டை. திருப்பூர்ப் பக்கம் துணித் துண்டுக்கா பஞ்சம்?

5. கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகும்போது தினமும் பத்து நிமிடமாவது செய்து பார்க்கட்டும். ரெக்கார்டு நோட்டில் படம் அழகாக இருப்பதைவிட வகுப்பில் ஒரு குழந்தை வாய் திறப்பது பெரிது.

எது பாடம், எது வெறும் பாட்டு?

பாட்டுப் பாடினாலே நல்ல வகுப்பு என்றும் நினைத்துவிடக் கூடாது. டிவியில் பாட்டைப் போட்டுவிட்டு டீச்சர் வேறு வேலை பார்த்தால் அது கற்பித்தல் ஆகாது. ஆண்டுவிழாவுக்காக ஒரு மாதம் சினிமாப் பாட்டுக்கு ஆடவைப்பதும் வகுப்பறைக் கலை ஆகாது. 2022-23-இல் இருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடந்து வருகிறது. திறமையுள்ள பிள்ளைகளுக்கு அது நல்ல மேடை. ஆனால் போட்டியில் நன்றாக ஆடும் பிள்ளைக்குத்தான் இடம். வகுப்பில் பாடத்துக்காகப் பாடும்போது கடைசி வரிசைப் பிள்ளைக்கும் இடம் வேண்டும். இரண்டும் வேறு வேறு.

வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ரொம்ப எளிது. சாயந்திரம் குழந்தை பாடிக்கொண்டு வந்தால், பாட்டைக் கேட்டு முடித்த பிறகு நான்கு விஷயம் பாருங்கள்.

பாட்டில் வரும் சொற்களைத் தனியாக எழுதிக் காட்டினால் படிக்கிறதா?

பாட்டில் வரும் எண்ணைக் கொண்டு ஒரு சின்னக் கணக்கு கேட்டால் சொல்கிறதா?

அதையே தன் சொந்தச் சொல்லில் கதையாகச் சொல்கிறதா?

வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் பாடினார்களா, இரண்டு பேர் மட்டுமா?

இவற்றுக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் பாடம் ஏறுகிறது என்று அர்த்தம். மூன்று மாதம் ஆகியும் பாட்டு மட்டும் இருக்கிறது, எழுத்து வரவில்லை என்றால் தயங்காமல் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். “எதுக்குங்க டீச்சர் பாட்டு?” என்று கேட்பதைவிட, “இந்தப் பாட்டுல இருந்து என் புள்ளைக்கு என்ன வரணும்ங்க டீச்சர்?” என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

கலை யாருக்குச் சொந்தம்?

இதையும் மறைக்காமல் பேச வேண்டும். நம் ஊரில் ஒவ்வொரு கலைக்கும் ஒரு வேலி இருக்கிறது. தப்பு அடிப்பது இன்ன சாதி, இந்த ஆட்டம் இன்ன சாதி, இது ஆம்பளைங்க ஆட்டம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். வகுப்பறைக்குள் இந்த வேலி வந்துவிட்டால் கலையால் நன்மையைவிடக் கெடுதல்தான் அதிகம். ஒரு பிள்ளையின் கையில் மட்டும் தப்பைக் கொடுத்து ‘உனக்குத்தான் வரும்’ என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் மனசு என்ன பாடுபடும்?

நல்ல உதாரணங்களும் இருக்கின்றன. வள்ளி ஒயில் கும்மி ஆண்கள் மட்டுமே ஆடிவந்த ஆட்டம். கோவை மாவட்டத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பன் அதைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட கருவிக்கு நாட்டின் மரியாதை கிடைத்திருக்கிறது. ஆசிரியராகப் போகும் பெண்கள் இதை நெஞ்சில் வைக்க வேண்டும். பறையும் கும்மியும் கோலமும் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. கோலம் பையனும் போடலாம், பறை பெண்ணும் அடிக்கலாம்.

நாம் என்ன செய்யலாம்?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-இல் இந்தக் குழுக்களை மாற்றி அமைத்தபோது சுய உதவிக் குழு உறுப்பினரும் இடம்பெற வழி செய்தார்கள். ஆகவே அந்தக் கூட்டத்தில் பேச நமக்கு உரிமை உண்டு. கழிப்பறை, குடிதண்ணீர் பற்றிப் பேசுவது போலவே ‘வகுப்பில் பாட்டு, கதை, படம் எப்படி நடக்கிறது’ என்றும் கேட்கலாம்.

நமக்குத் தெரிந்ததைப் பள்ளிக்குக் கொடுக்கவும் செய்யலாம். தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, மாதம் ஒரு நாள் பாட்டுத் தெரிந்த ஒரு பாட்டியை அழைத்துப் போங்கள். நடவுப் பாட்டு, தாலாட்டு, விடுகதை, பல்லாங்குழி எல்லாம் அவரிடம் இருக்கிறது. பயிற்சியில் இருக்கும் பெண் அதை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். பாட்டிகள் போய்விட்டால் பாட்டும் போய்விடும்.

பள்ளி மாற்றக் கடன் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தனியார் பள்ளியில் சேர்ப்பது தவறு என்று சொல்ல வரவில்லை. அது அவரவர் முடிவு. ஆனால் ‘பாட்டுத்தான் பாடறாங்க’ என்ற ஒரே காரணத்துக்காகக் கடனும் வட்டியும் சுமக்க வேண்டாம். முதலில் மேலே சொன்ன நான்கு விஷயத்தைப் பாருங்கள். ஆசிரியரிடம் பேசுங்கள். அப்புறம் தீர்மானம் போடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு:

* நம் குழுவில் யாருக்கு எந்தப் பாட்டு, எந்தக் கதை தெரியும்? ஒரு பட்டியல் எடுப்போமா?

* நம் ஊரில் ஆசிரியர் பயிற்சி படிக்கும் பெண்கள் எத்தனை பேர்? அவர்களை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, ஒரு பாடத்தைப் பாட்டாக நடத்திக் காட்டச் சொல்வோமா?

* பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் குழு உறுப்பினர் யாராவது இருக்கிறார்களா? இல்லையென்றால் அடுத்த முறை யாரை அனுப்புவது?

* இந்த ஆண்டு பள்ளிக் கட்டணத்துக்காக நம் குழுவில் கொடுத்த உள்கடன் எவ்வளவு? அதில் பள்ளி மாற்றுவதற்காக வாங்கியது எவ்வளவு?

பேசி எடுத்த முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள். உங்கள் பட்டியலில் உள்ள பாட்டுக்களையும் சேர்த்து அனுப்புங்கள். எல்லாக் குழுவின் பாட்டுக்களையும் ஒன்றுசேர்த்து, நம் பகுதித் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி மாணவிகளுக்கும் கொடுக்கலாம்.